முதலில் அந்தப் பச்சை ஃபியூஸைப் பிடுங்குங்கள்

கடலோர ஊர் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தன் காரின் ஹார்ன் அடிக்காததைப் பற்றி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

2011-ல் வாங்கிய சின்ன கார். இவர் ஒருவர்தான் ஓட்டுகிறார். காலையில் ஒன்பது வயதுப் பேத்தியை முன் சீட்டில் உட்காரவைத்துப் பள்ளியில் விட்டு வருவதுதான் வண்டிக்கு முக்கிய வேலை. ஸ்டியரிங்கில் ஏதோ ஆட்டம் தெரிகிறதென்று ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். ஸ்டியரிங்கைக் கழற்றி வேலை பார்த்துக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து ஹார்ன் விட்டுவிட்டு அடித்தது. அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு இவரே இறங்கி வேலை பார்த்திருக்கிறார். ஃபியூஸ் பெட்டியில் 15 என்று எழுதிய நீல ஃபியூஸ் நன்றாகத்தான் இருந்ததாம். இருந்தாலும் 30 என்று எழுதிய பச்சை ஃபியூஸை வாங்கிப் போட்டிருக்கிறார், "இனி லேசில் போகாது" என்று. பிறகு புது ஹார்ன் ஒரு ஜோடி. பழையதில் வயர் மாட்டும் பின் ஒன்றுதான் இருந்தது, புதியதில் இரண்டு. மிச்சமிருந்த பின்னுக்கு டேப் சுற்றிவிட்டார். ஹார்னை அழுத்தினால் பானெட்டுக்குள் 'டிக்' என்றுகூடச் சத்தமில்லை.

ஒரு மெக்கானிக் வயரிங்கையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் "கிளாக் ஸ்பிரிங் போயிருக்கும், 6,500 ரூபாய் ஆகும், வேண்டாமென்றால் டேஷ்போர்டுக்குக் கீழே காலிங் பெல் சுவிட்ச் ஒன்று வைத்துவிடலாம், 200 ரூபாயில் முடியும்" என்கிறார். மருமகன் ஏர் ஹார்ன் போடச் சொல்கிறார். அடுத்த சில மாதங்களில் வண்டிக்கு 15 வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். "200 ரூபாயில் முடிக்கலாமா? ஒர்க்‌ஷாப்காரர்களிடம் நியாயம் கேட்க முடியுமா?" என்பவைதான் கேள்விகள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறார்: "ஏர்பேக் விளக்கு ஒரு மாதமாக எரிகிறது, சென்சார் கோளாறாம், பல்பைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் பாட்டு பட்டன்களும் வேலை செய்யவில்லை, எனக்கு அது தேவையுமில்லை. ஒருநாள் பள்ளி வாசலில் வண்டியைத் திருப்பும்போது மட்டும் அழுத்தினேன், ஹார்ன் அழகாக அடித்தது, பேத்தி கைதட்டினாள்."

சார், வணக்கம். நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது அந்த மூன்று வரிதான். கார் எலக்ட்ரிக்கல் வேலையில் இருக்கும் யாரும் அதைப் படித்ததும் மற்ற மூன்றரைப் பக்கத்தையும் ஓரமாக வைத்துவிடுவார்கள். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன வேலை.

அந்தப் பச்சை ஃபியூஸை இன்றைக்கே பிடுங்கி, பழைய நீலத்தையே திரும்பப் போடுங்கள். ஃபியூஸ் ஹார்னைக் காப்பாற்ற இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. ஹார்னுக்குப் போகும் வயரின் கனத்துக்கு 15 ஆம்பியர் போதுமென்று கணக்குப் பார்த்துத்தான் அங்கே நீலத்தை வைத்தார்கள். நாளைக்கு அந்த வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் நீலம் உடனே எரிந்துபோகும், வேலை அதோடு முடிந்தது. பச்சை 30 வரை தாங்கும். அது தாங்குகிற நேரத்தில் வயர் சூடாகி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, பக்கத்து வயர்களையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். இப்படிக் களிமண் உருண்டை மாதிரி ஆன வயர்க் கட்டுகளை என் கடையில் பிரித்து எடுத்திருக்கிறேன். ஃபியூஸ் போகாமல் இருப்பதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுவது உங்கள் ஒருவர் தவறு இல்லை, ஊரே செய்கிறது.

சரி, இப்போது அந்த மூன்று வரிக்கு வருகிறேன்.

மூன்றுக்கும் ஒரே வழி

ஸ்டியரிங் சுற்றுகிறது, வண்டியின் உடம்பு சுற்றுவதில்லை. ஸ்டியரிங்குக்குள் இருக்கும் ஹார்ன் சுவிட்சுக்கும், பாட்டு பட்டன்களுக்கும், ஓட்டுநர் ஏர்பேக்குக்கும் வயர் எப்படிப் போகும்? சாதாரண வயர் என்றால் நான்கு சுற்றில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு வட்டமான பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பார்கள். அதற்குள் தட்டையான நாடா ஒன்று, சுருட்டிய பாயைப் போல இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். இதைத்தான் கிளாக் ஸ்பிரிங் என்கிறோம். சிலர் ஸ்பைரல் கேபிள் என்பார்கள்.

உங்கள் தெருவில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீட்டுக்கு ஒரே வாரத்தில் கரண்ட் போனால் வீடு வீடாகப் போய் பல்பு மாற்றுவீர்களா? தெருமுனைப் பெட்டியைத்தானே பார்ப்பீர்கள். ஹார்ன், பாட்டு பட்டன், ஏர்பேக் விளக்கு மூன்றும் அடுத்தடுத்துக் கெட்டிருக்கின்றன. மூன்றும் சந்திக்கும் இடம் அந்த நாடா ஒன்றுதான்.

அது எப்போது கெட்டது என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இந்த நாடா நடுநிலையிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டரைச் சுற்று அளவுக்குத்தான் போகும். ஸ்டியரிங்கைக் கழற்றினால், முன் சக்கரங்களை நேராக வைத்து, நாடாவையும் நடுவில் நிறுத்தி, அதன் பிறகே திரும்ப மாட்ட வேண்டும். டப்பாவின் மேல் அதற்கென்றே அம்புக்குறி போட்டிருப்பார்கள். கழற்றிய நேரத்தில் யாராவது அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், பார்ப்பதற்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கும்போதெல்லாம் நாடாவின் கடைசி விளிம்பு இழுபடும். முதல் நாளே அறுந்திருந்தால் நீங்கள் அன்றைக்கே திரும்பிப் போய்ச் சண்டை போட்டிருப்பீர்கள். சில நாள் இழுபட்டு, உள்ளே இருக்கும் செம்பு விரிசல் விட்டு, விட்டுவிட்டு வேலை செய்து, அப்புறம் அறுந்திருக்கிறது. பள்ளி வாசலில் வண்டியைத் திருப்பியபோது அறுந்த முனைகள் ஒரு நொடி தொட்டுக்கொண்டன. பேத்தி கைதட்டியது அதற்குத்தான்.

நீங்களே உறுதி செய்துகொள்ள

காலி மைதானத்துக்கு வண்டியை எடுத்துப் போங்கள். இன்ஜின் ஓட்டத்தில், ஊர்கிற வேகத்தில், ஹார்னை அழுத்தியபடியே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். பக்கத்தில் யாராவது பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. ஆனால் அப்படியென்றால் வண்டியை நகர்த்தாமல் நிறுத்தியே திருப்ப வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் ரிலே 'டிக்' என்றால் சந்தேகமே வேண்டாம்.

அந்த 'டிக்' பற்றி ஒரு வார்த்தை. ஹார்னை அழுத்தும்போது உங்கள் விரல் நேரடியாக ஹார்னுக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. உங்கள் வண்டி மாதிரி பழைய அமைப்பில், அது ரிலே என்ற சின்னப் பெட்டியின் ஒரு காலை எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில், இணைக்கிறது, அவ்வளவுதான். ரிலே 'டிக்' என்று மூடி, பேட்டரியின் கரண்டை ஹார்னுக்கு விடுகிறது. 'டிக்' கேட்டும் ஹார்ன் அடிக்கவில்லை என்றால் ரிலேயிலிருந்து ஹார்ன் வரை உள்ள பாதையைப் பார்க்க வேண்டும். 'டிக்'கே இல்லை என்றால் ஸ்டியரிங் பக்கம், அல்லது ரிலே, அல்லது ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும், பைசா செலவில்லை. வயரிங் முழுக்க மாற்றச் சொன்னவர் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழித்திருக்கலாம்.

புது ஹார்ன் வாங்கியும் அடிக்காததால் வயரிங்தான் போயிற்று என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். அங்கே ஒரு தப்பு நடந்திருக்கிறது. பழைய ஹார்னுக்கு ஒரு பின் போதும், ஏனென்றால் அது மாட்டியிருக்கும் இரும்புப் பட்டை வழியாகவே எர்த் எடுத்துக்கொள்ளும். இரண்டு பின் ஹார்னில் ஒன்றுக்குக் கரண்ட், மற்றதற்கு எர்த். நீங்கள் எர்த் பின்னுக்குத்தான் டேப் சுற்றியிருக்கிறீர்கள், சார். கிளாக் ஸ்பிரிங் நன்றாக இருந்திருந்தாலும் அந்த ஹார்ன் வாயைத் திறந்திருக்காது. நாளைக்கு 6,500 ரூபாய் கொடுத்து நாடாவை மாற்றிய பிறகும் அடிக்காமல் போய், அந்தப் பழி பாவம் எலக்ட்ரீஷியன் தலையில் விழுந்திருக்கும். டேப்பைப் பிரித்து, அந்தப் பின்னிலிருந்து ஒரு வயர் எடுத்து, பெயின்ட் சுரண்டிய சுத்தமான போல்ட்டில் இறுக்குங்கள். பழைய ஹார்னைத் தூக்கிப் போடவில்லையே? அதன் பின்னில் பேட்டரி பிளஸ்ஸையும் பட்டையில் மைனஸையும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். அடித்தால் அதையே திரும்ப மாட்டலாம்.

கடலோரம் என்பதால் இன்னொன்று. ஹார்ன் இருப்பது கிரில்லுக்குப் பின்னால், உப்புக் காற்று முதலில் மோதும் இடத்தில். கனெக்டரைக் கழற்றினால் பச்சையாகப் பொடி பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி மாட்டுங்கள். அங்கே வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்து 12 காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள்; அரித்துப்போன வயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் வைத்து டெஸ்ட் லேம்ப் செய்து தொட்டுப் பாருங்கள். அந்த 21 வாட் பல்பு பளிச்சென்று எரிந்தால்தான் அந்த வயரில் உயிர் இருக்கிறது. புது ஹார்ன் நத்தை ஓடு வடிவம் என்றால் வாய் கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்நோக்கி மாட்டினால் முதல் மழைக்கே தண்ணீர் நிறைந்து குரல் கட்டிவிடும்.

200 ரூபாய் சுவிட்ச்

ரிலேயின் அந்த ஒரு காலை எர்த் செய்வதுதான் வேலை என்பதால், காலிங் பெல் சுவிட்ச் வைத்தாலும் ஹார்ன் அடிக்கும். பார்ட்ஸ் வரும்வரை பத்து நாளைக்கு அப்படி ஓட்டலாம், நானே செய்து கொடுத்திருக்கிறேன். ரிலேயைத் தாண்டி ஹார்ன் லைனிலேயே நேராகச் சுவிட்சைப் போட மட்டும் விடாதீர்கள். ஜோடி ஹார்ன் இழுக்கும் கரண்டில் அந்தச் சுவிட்ச் கருகிவிடும். நிரந்தரமாக அப்படியே விடுவதும் சரிப்படாது. குறுக்கே சைக்கிள் பாய்ந்தால் உங்கள் கை பழக்கத்தில் ஸ்டியரிங் நடுவுக்குத்தான் போகும், டேஷ்போர்டுக்குக் கீழே தேடாது.

ஆனால் நீங்கள் ஹார்னை மட்டும் எடைபோட்டு 200-ஆ 6,500-ஆ என்று கேட்கிறீர்கள். அந்த 6,500-ல் பெரும்பங்கு ஏர்பேக்குக்குப் போகிறது. நாடா அறுந்திருந்தால், மோதல் நடந்தாலும் உங்கள் ஏர்பேக்குக்குத் தகவல் போகாது, அது விரியாது. அந்த விளக்கு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். பல்பைக் கழற்றுவது, காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பது மாதிரி. சிலர் கெட்டிக்காரத்தனமாக ஏர்பேக் லைனில் ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்து விளக்கை அணைத்துக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும், விபத்து ஏமாறாது. யாராவது "500 ரூபாயில் லைட்டை அணைத்துத் தருகிறேன்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இந்த வேலையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். ஹார்ன் பேட் என்று நாம் அழுத்துகிற மூடிக்குப் பின்னால்தான் ஏர்பேக் மடிந்து கிடக்கிறது. அதைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸைப் பிரித்து, ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டில் தேங்கிய கரண்ட் வடியும்வரை காத்திருக்க வேண்டும். நான் பத்து நிமிடம் விடுவேன், டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். ஏர்பேக் லைனின் மஞ்சள் கனெக்டர் எதிலும் மீட்டர் முனையை வைக்கக் கூடாது. மீட்டர் விடுகிற சின்னக் கரண்டுக்கே ஏர்பேக் வெடிக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு வேலை செய்பவர் பேட்டரியைக் கழற்றாமலே ஸ்டியரிங்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். பார்ட்ஸ் வாங்கும் முன், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டுப் பார்க்கச் சொல்வதும் உங்கள் உரிமை. ஓட்டுநர் ஏர்பேக் சுற்று அறுந்திருக்கிறது அல்லது மின்தடை அதிகம் என்று பிழைக் குறியீடு வந்தால் என் கணிப்பு சரி. சீட்டுக்கடியில் உள்ள கனெக்டர் என்று வந்தால் அந்த விளக்குக்கு வேறு காரணம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் கழற்றிய செகண்ட் ஹேண்ட் கிளாக் ஸ்பிரிங் கிடைக்கும். வேண்டாம். எத்தனை ஆயிரம் தடவை சுருண்டு விரிந்ததென்று அதன் மேல் எழுதியிருக்காது. ஸ்டியரிங்கைத் திறக்கிற சமயம், சேசிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு ஏர்பேக் ரீகால் (கோளாறான பாகத்தைக் கம்பெனியே கூப்பிட்டு மாற்றித் தருவது) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் விசாரித்துவிடுங்கள்.

பேத்தியை எப்படியும் பின் சீட்டுக்கு மாற்றுங்கள். ஏர்பேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதுதான் இடம்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் வக்கீல் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டிகளைக் காட்டக் கொண்டுபோய் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-வது விதி, ஒவ்வொரு வண்டியிலும் போதுமான அளவுக்கு எச்சரிக்கை தரும் ஹார்ன் இருக்க வேண்டும் என்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்.சி.யை அடுத்த 5 வருடத்துக்குப் புதுப்பிக்கும்போது இன்ஸ்பெக்டர் ஹார்னை அடித்துப் பார்ப்பார். அதே விதி, பல சுரத்தில் மாறி மாறி அடிப்பதையும் காதைக் கிழிப்பதையும் தடை செய்கிறது. ஆக மருமகனின் ஏர் ஹார்ன் யோசனை அங்கேயே அடிபடும். ஒலி மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் வரலாம். மருமகன் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கோளாறு தெரிந்தும் ஓட்டுவதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆபத்து விளைவிக்கக்கூடிய கோளாறோடு வண்டியை ஓட்டினால் 190(1)-ல் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் கோளாறால் யாருக்காவது காயமோ சேதமோ ஆனால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸ் பாலிசியிலும் வண்டியை ஒழுங்கான நிலையில் பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. ஹார்ன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக கிளெய்மை மறுத்துவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படும் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் வாதாட அவர்கள் கையில் நாமே ஏன் ஒன்றைக் கொடுக்க வேண்டும்?

ஒர்க்‌ஷாப் விஷயம். முதலில் பில்லையும் ஜாப் கார்டையும் தேடி எடுங்கள். ஸ்டியரிங் கழற்றிய வேலை என்று அதில் எழுதியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வேறு யாரும் அதைத் தொடும் முன் ஸ்கேனர் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, நேரில் போய் நிதானமாகப் பேசுங்கள். உங்கள் மாணவர்களில் ஒருவர் அங்கே வேலை பார்த்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். பெரும்பாலான இடங்களில் பார்ட்ஸ் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு கூலியை விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சமாதானமே போதும். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒன்று மட்டும்: பழைய கிளாக் ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அறுந்த நாடா கையில் இல்லாமல் அவர்கள்தான் அறுத்தார்கள் என்று யாரிடமும் நிரூபிக்க முடியாது.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். ஹார்னை அழுத்தியபடி ஸ்டியரிங்கை இரு பக்கமும் கோடி வரை திருப்புங்கள், எங்கும் விட்டுப் போகக் கூடாது. பிறகு வண்டியை அணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பி ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். முதலில் எரிந்து, சில நொடியில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள், சார். யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள்.